"கொள்ளாம் மக்கா" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்: பேச்சை நம்பி எடுத்த குறும்படத்துக்குக் கருத்துச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தில் இருந்து களியக்காவிளை வரைக்கும், ஒரு பையன் தான் எடுத்த படத்தைக் காட்டி எப்படி இருக்கு என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான் வரும்: "கொள்ளாம் மக்கா." நல்லா இருக்கு என்றும் அர்த்தம், பரவாயில்லை என்றும் அர்த்தம், எனக்கு நேரமாச்சு என்றும் அர்த்தம். கேட்ட பையன் சிரித்துக்கொண்டே போனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். ஆறு மாதம் கஷ்டப்பட்டு எடுத்த படத்தில் எந்த இடம் வேலை செய்தது, எந்த இடம் செய்யவில்லை என்று அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்காது.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். ராத்திரி வேலை முடிகிற நேரத்தில் பென் டிரைவோடு வருகிற பையன்களின் குறும்படங்களைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்கள்தான்: ஒரு வீடு, இரண்டு பேர், சட்டையில் குத்துகிற ஒரு மைக், மற்றது எல்லாம் பேச்சு. சண்டைக்கும் பாட்டுக்கும் காசு இல்லாததால் முழுப் படமும் வசனத்தின் தோளில் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட படத்துக்குக் கருத்துச் சொல்வதற்குத் தனி முறை வேண்டும். நான் செய்கிற முறையை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு படத்தை உதாரணமாகத் திரும்பத் திரும்ப எடுப்பேன்: போன மழைக்காலத்தில் ஒரு தம்பி கொண்டுவந்த 17 நிமிடப் படம். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, அடுக்களையில் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

முதலில், படத்தைத் திறக்கும் முன்னால்

அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். படம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? உனக்கு என்ன தெரிய வேண்டும்?

முதல் கேள்விதான் முக்கியம். வசனம் இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாம், மாற்றுவதற்கு ஒரு பேனா போதும். அந்த நிலையில் நான் செய்வது ஒன்றே ஒன்று: இரண்டு பேரை உட்காரவைத்து உரக்க வாசிக்கவைத்து நேரம் பார்ப்பது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை அச்சு முறைக்கு வந்தது, நம் பையன்கள் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிற வசனத்துக்கு அது ஒத்துவராது. பத்து நிமிடம் என்று நினைத்தது வாசித்துப் பார்த்தால் பதினெட்டு வரும். எடுத்து முடித்து முதல் வெட்டு, அதாவது முதல் தடவை எடிட் செய்து கோர்த்த படம், கைக்கு வந்திருக்கிறது என்றால், எடிட்டிலும் டப்பிங்கிலும் சரிசெய்யக்கூடியதை மட்டும் பேச வேண்டும். யூடியூபில் ஏற்றிவிட்டான் என்றால் இந்தப் படத்தைத் திருத்தச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை, அடுத்த படத்துக்கு உதவுகிற ஒன்றிரண்டு விஷயம் போதும்.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் "சும்மா பாருங்கண்ணா, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்பார்கள். விடாதீர்கள். "உனக்கே சந்தேகமா இருக்கிற ஒரு இடத்தைச் சொல்லு" என்று கேளுங்கள். இந்தத் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவில போரடிக்குதோன்னு பயமா இருக்கு" என்றான். சரி, ஒரு பிடி கிடைத்தது.

முதல் தடவை: நிறுத்தாமல், எழுதாமல்

முழுசாக ஒரே மூச்சில் பாருங்கள். கையில் பேனா வேண்டாம். முதல் பார்வை ஒரு தடவைதான் கிடைக்கும், அதைக் குறிப்பு எழுதிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

முடிந்த உடனே, அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், நினைவில் நிற்கிற மூன்று விஷயத்தை எழுதுங்கள். காதில் நிற்கிற ஒரு வரி, கண்ணில் நிற்கிற ஒரு காட்சி, கவனம் கையை விட்டுப் போன ஒரு இடம். நான் எழுதியது இது: "தேங்காய் துருவுகிற சத்தம் நின்ற இடம். வாசலில் கிடந்த செருப்புகள். பத்து நிமிடத்துக்கு மேல் எங்கேயோ கடன் கணக்குப் பேச்சில் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்." இந்த மூன்று வரிதான் நீங்கள் கொடுக்கப்போகிற கருத்தின் முதுகெலும்பு. பிறகு எத்தனை தடவை பார்த்தாலும் இதை அழிக்காதீர்கள். ஆறாவது தடவை பார்க்கும்போது எல்லாமே பழகி எல்லாமே சரியாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் தடவை: கண்ணை மூடிக்கொண்டு

பேச்சுப் படத்தில் சத்தம் போனால் படமே போச்சு. இயர்போன் மாட்டி, கண்ணை மூடி, நாடகம் கேட்கிற மாதிரி கேளுங்கள். ஒவ்வொரு வரியும் முதல் தடவையிலேயே புரிகிறதா? யார் பேசுகிறார்கள் என்று குரலை வைத்தே தெரிகிறதா? ஒருவர் குரல் சத்தமாகவும் அடுத்தவர் குரல் கிணற்றுக்குள் இருந்தும் வருகிறதா? மைக்கில் சட்டை உரசுகிறதா? சாமான் இல்லாத டைல்ஸ் ரூமில் எடுத்தால் எதிரொலி கண்டிப்பாக இருக்கும், அதையும் சொல்லுங்கள். பிறகு இயர்போனைக் கழற்றிவிட்டு போன் ஸ்பீக்கரில் இரண்டு நிமிடம் கேளுங்கள், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அடுக்களைக்குத் தகரக் கூரையும் உண்டு. அக்கா பேசும்போது மழை கொட்டுகிறது, தம்பி பேசும்போது மழையே இல்லை, மறுபடியும் அக்கா, மறுபடியும் மழை. ஒவ்வொரு வெட்டிலும் காதில் ஒரு கதவு திறந்து மூடுகிற மாதிரி இருந்தது. இது இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்ததால் வந்தது. இதற்கு மருந்து இருக்கிறது. அதே இடத்தில் யாரும் பேசாமல் முப்பது விநாடியோ ஒரு நிமிடமோ சத்தத்தை மட்டும் பதிவுசெய்து, பேச்சுக்கு அடியில் காட்சி முழுக்க ஓடவிட வேண்டும். ஷூட்டிங் நாளிலேயே இதை எடுத்துவைக்கச் சொல்லிக்கொடுங்கள். மறந்துவிட்டான் என்றால் அடுத்த மழைக்கு அதே அடுக்களைக்குப் போய் எடுக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மூன்றாம் தடவை: சத்தம் இல்லாமல்

இப்போது மியூட் செய்துவிட்டுப் பாருங்கள். வசனம் இல்லாமல் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிகிறதா? யார் கோபமாக இருக்கிறார்கள், யார் எதையோ மறைக்கிறார்கள் என்று பிடிபடுகிறதா? பேச்சுப் படங்களில் அடிக்கடி நடப்பது, யார் பேசுகிறாரோ அவர் முகம், அடுத்து பதில் சொல்கிறவர் முகம், மறுபடி முதல் முகம் என்று பந்து விளையாடுகிற மாதிரி வெட்டிக்கொண்டே போவது. கேட்கிறவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். உண்மையில் நமக்கு வேண்டியது பல நேரம் அந்த முகம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்பவர் ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்போடும் ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த அசையாத முகத்தில் ஒரு தடவை பசியையும் ஒரு தடவை துக்கத்தையும் கண்டார்கள் என்று எடிட்டிங் படிக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். வசனத்துக்கும் அப்படித்தான். தம்பி "வீடு" என்று சொல்கிற நேரத்தில் அக்காவின் சும்மா இருக்கிற முகத்தை வைத்தால், மிச்சத்தை நாமே அதில் எழுதிக்கொள்வோம்.

இதை "ரியாக்‌ஷன் ஷாட் குறைவு" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். "5 நிமிடம் 12 விநாடியில் தம்பி வீட்டுப் பேச்சை எடுக்கும்போது எனக்கு அக்காவைப் பார்க்கணும்போல இருந்தது" என்று சொல்லுங்கள். அவனிடம் அந்த ஷாட் இருந்தால் போய்த் தேடுவான். இன்னொன்று, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள் என்ற உணர்வு ஏதாவது ஒரு வெட்டில் தடுமாறினால் அந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கேமரா இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டிவிட்டிருக்கும்.

நான்காம் தடவை: வசனம்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி, நேரம் குறித்து, பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களா என்று. "அக்கா, உனக்குத்தான் தெரியுமே, அப்பன் ரப்பர் வெட்டி நம்மளைப் படிக்கவச்சாரு" என்று ஒரு தம்பி அக்காவிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுக்குத் தெரியாதா? அது நமக்காகச் சொல்கிற வரி. பார்க்கிறவனுக்கு அது தெரிய வேண்டும்தான், ஆனால் வேறு வழியில் வரலாம். இந்த மாதிரி வரிகளுக்கு அடையாளம் "உனக்குத்தான் தெரியுமே", "ஞாபகம் இருக்கா" என்று தொடங்குவது. அதேபோல, வரிக்கு வரி பெயர் சொல்லிக் கூப்பிடுவது. வீட்டில் அக்காவும் தம்பியும் தனியாக இருக்கும்போது யாரும் பெயர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது எழுத்துத் தமிழ். "நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று பேப்பரில் எழுதிவைத்திருப்பான், நடிக்கிற பையன் அதை மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பிப்பான். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று வாயில் வருவதை எழுத நம் எல்லாருக்கும் ஒரு கூச்சம், பள்ளிக்கூடம் ஏற்றிவைத்த கூச்சம். எந்தெந்த வரி எழுதிய வரி மாதிரிக் கேட்கிறது என்று நேரத்தோடு குறித்துக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, கூப்பிடுகிற முறை. தமிழில் நீ, நீங்க என்ற ஒரு மாற்றத்திலேயே ஒரு சண்டையை எழுதிவிடலாம். எப்போதும் "லே, வாலே" என்கிற அக்கா திடீரென்று "வாங்க, உக்காருங்க" என்று தம்பியிடம் சொன்னால் அதைவிடப் பெரிய அடி இல்லை. இந்தப் படத்தில் அந்த மாற்றம் ஒரு இடத்தில் இருந்தது, ஆனால் தெரியாமல் நடந்தது: முதல் பாதியில் "நீ", கடைசியில் "நீங்க", நடிகை மாற்றிச் சொல்லிவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. "இது நீ வேணும்னே செஞ்சதா?" என்று கேட்டேன். இல்லை என்றான். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்துதான் அவனுக்குக் கடைசிக் காட்சிக்கு ஒரு யோசனை வந்தது.

நான்காவது நம் ஊருக்கே உரிய விஷயம். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்து 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் ஆச்சி எழுதப் படித்ததே மலையாளத்தில்தான். ஆகவே விளவங்கோட்டுக்காரன் வாயில் ஓர்மை, வெள்ளம், சாயா, கொள்ளாம் எல்லாம் வருவது இயல்பு. "எனக்க அம்மைக்க ஓர்மையா இருக்கு" என்று படத்தில் வருகிற தம்பி சொல்கிற வரியைக் கேட்டுவிட்டு, ஒரு பெரியவர் அதை "ஞாபகம்" என்று மாற்றச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அந்தக் கருத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது, இந்த வயசில், இந்த வீட்டில், இந்தப் படிப்புப் படித்த ஆள் இப்படிப் பேசுவாரா என்பது மட்டும்தான். மதுரைக்காரனுக்குப் புரியாதே என்றால், அந்த வார்த்தை வருகிற இடத்தில் முகமும் சந்தர்ப்பமும் அர்த்தத்தைக் கொடுக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாறசாலையில் இருந்து வருகிற மலையாளி கதாபாத்திரத்தைச் சினிமாவில் வருகிற உடைந்த தமிழ் பேசவைப்பது. களியக்காவிளை சந்தையில் போய் நின்று கேளுங்கள், அவர் மலையாளத்தில் விலை கேட்பார், இவர் தமிழில் சொல்வார், வியாபாரம் நடக்கும். அவரவர் மொழியிலேயே பேசவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்தப் படத்தின் நடுப்பகுதி. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். தம்பி சொல்கிறான்: "அப்பனெ நான் பாத்துக்கிடுதேன்க்கா. வீட்டெ மட்டும் எனக்க பேருக்கு மாத்தணும்." துருவுகிற சத்தம் நிற்கிறது. கேமரா அவள் கையில் இருக்கிறது, விரலில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கிறது. அதற்கு அப்புறம் தம்பி, "ஏங்க்கா நிறுத்திட்ட? நான் சொன்னது பிடிக்கலியா?" என்கிறான். அக்கா, "ஆமா, பிடிக்கல. அம்மை செத்துப் பதினாறு நாள்தானே ஆவுது" என்கிறாள்.

நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "6 நிமிடம் 40 விநாடியில் சத்தம் நின்றப்பவே அவ மனசு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அடுத்த ரெண்டு வரியில எனக்குப் புதுசா ஒண்ணும் கிடைக்கல." வெட்டு என்று சொல்லவில்லை, இப்படி எழுது என்றும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வரியை எடுத்தா எட்டு விநாடி சும்மா கிடக்குமே அண்ணா" என்றான். "வச்சுப் பாரு" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தான். இரண்டு வரியும் இல்லை, மழைச் சத்தம் மட்டும், அதற்கு அப்புறம் வேறு ஒரு காட்சியில் கிடந்த வரியை எடுத்து இங்கே வைத்திருந்தான்: "அப்பனுக்குக் கஞ்சி குடுத்தியா?" துருவல் மறுபடியும் தொடங்குகிறது. என்னிடம் கேட்டிருந்தால் நான் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை நேரத்தோடு சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

நடிப்பைப் பற்றி

நடித்தவர்கள் அவன் மாமா பெண், பக்கத்து வீட்டு அண்ணன். நிறம், உருவம், குரலின் இயல்பு, இவை பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஒரு வரி ஒட்டாமல் நின்றால் முதலில் நீங்களே அதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் நாக்கும் தடுக்கினால் தப்பு வரியில் இருக்கிறது, நடித்தவரிடம் இல்லை. இரண்டு பேரும் அடுத்தவர் முடிக்கும் வரைக்கும் மேடை நாடகம் மாதிரிக் காத்திருந்து பேசினால், வரிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை எடிட்டில் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்த வரியின் சத்தத்தை, திரையில் அதைப் பேசுகிறவர் முகம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எதைச் சொல்வது, எதை விடுவது

இப்போது உங்கள் கையில் முப்பது குறிப்பு இருக்கும். அத்தனையும் அனுப்பாதீர்கள். சில வருஷம் முன்னால் ஒரு பையனுக்கு 43 குறிப்பு எழுதி அனுப்பினேன், எல்லாம் சரியான குறிப்புகள்தான். அவன் அந்தப் படத்தை மறுபடியும் திறக்கவே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

மூன்று போதும். எந்த மூன்று என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் வெட்டுகளுக்குச் சொன்னது: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையின் போக்கு, இடம் சம்பந்தமான மற்ற மூன்றுக்கும் சேர்த்து 16. உணர்ச்சி உடைகிற இடம் முதலில், கதை புரியாத இடம் அடுத்து. ஒரு ஷாட்டில் டம்ளர் இடம் மாறியிருப்பது எல்லாம் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். பேச்சு காதில் விழாத இடம் மட்டும் விதிவிலக்கு, அது எப்போதும் முதல் மூன்றில் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எடிட்டில் முடியுமா, டப்பிங் வேண்டுமா, மறுபடி எடுக்க வேண்டுமா என்று எழுதுங்கள். மறுபடி எடுக்க முடியாத சூழ்நிலை என்றால் அதைச் சொல்லி அவனை நோகடிக்காதீர்கள்.

சொல்கிற விதம்

குடும்ப குரூப்பிலோ நண்பர்கள் குரூப்பிலோ சொல்லாதீர்கள். நேரில் சொல்வது நல்லது, சொன்ன பிறகு நேரக் குறிப்புகளை எழுத்தில் அனுப்புங்கள். எடிட் செய்யும்போது வாய்ஸ் நோட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தேட முடியாது. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் ஒரு முறையை வகுத்தார், அதில் முதலில் பார்த்தவர்கள் மனசில் நின்றதைச் சொல்வார்கள், அப்புறம் படைத்தவர் கேள்வி கேட்பார், அப்புறம் பார்த்தவர்கள் குத்தல் இல்லாத கேள்வி கேட்பார்கள், கடைசியில்தான் அனுமதி கேட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பார்க்கும்போது ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறோம், சண்டை வருவது குறைந்திருக்கிறது. நான் இந்தத் தம்பிக்கு அனுப்பிய செய்தி:

"மனசுல நின்னது: 6:40 துருவல் நின்ன இடம், வாசல் செருப்பு. 1) 3:05 முதல் 4:20 வரை மழை வந்து வந்து போகுது, பேச்சு ரெண்டு இடத்துல கேக்கல. 2) 6:48 முதல் ரெண்டு வரி, எனக்கு முன்னாலயே தெரிஞ்சதைச் சொல்லுது. 3) 10:15 கடன் கணக்குல யார் யாருக்குக் குடுக்கணும்னு குழம்பிட்டேன், அங்கதான் போரடிச்சது. கேள்வி: கடைசியில அவ 'நீங்க'ன்னு சொல்றது வேணும்னேவா?"

அவன் கேட்ட பயத்துக்குப் பதில் மூன்றாவது குறிப்பில் இருக்கிறது. அவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள், எதிர்த்துப் பேச வேண்டாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கே வழி தெரிந்துவிடும்.

அடுத்த வெட்டு வரும்போது

நீங்கள் இனிமேல் புதுக் கண்ணால் பார்க்க முடியாது. கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், நீங்கள் படத்தைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறார், எங்கே நிமிர்கிறார் என்று குறித்தால் போதும்.

திரைவிழாவுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால், திருவனந்தபுரத்தில் 2008 முதல் நடக்கிற கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு ஒரு தடவையாவது அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், நமக்குப் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். முன்பின் தெரியாத ஆட்கள் ஒரு படத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பதே பெரிய படிப்பு. அனுப்பும் முன் சப்டைட்டிலையும் ஒரு தடவை தனியாகப் பார்த்துக் கொடுங்கள்: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், படிக்க நேரம் இருக்க வேண்டும், பதில் வரும் முன்னே பதிலின் எழுத்து திரையில் வந்துவிடக் கூடாது. காது கேளாதவர்களுக்கும் சேர்த்துச் சப்டைட்டில் போடுகிறான் என்றால், 6:40இல் எந்த வசனமும் இல்லை என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடாமல், துருவும் சத்தம் நிற்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.